எங்கிருந்து வந்த நொதி?

மலேரியாக் காய்ச்சலோடு வந்த குழந்தையிடம் இரத்தம் எடுப்பது லேசான காரியமில்லை. நரம்பு தெரியாது, தெரிந்தாலும் ஊசி நிற்காது. குழந்தை வீறிட்டுக் கையை உதறும். நர்ஸ் மெல்லிய ஊசியைப் போட்டு, வர மறுக்கும் இரத்தத்தைச் சிரிஞ்சில் கொஞ்சம் வேகமாகவே இழுப்பார். கிடைத்த 2 மி.லி.யைக் குழாயில் விட்டு, உறைந்தபின் சுழற்றி எடுத்தால் மேலே சீரம் தெளிந்து நிற்கும். அது வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். பல சமயம் தண்ணீர் அதிகம் விட்ட நன்னாரி சர்பத் போல இளஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது என்று அதற்குப் பொருள். உடைத்தது ஊசியா, ஒட்டுண்ணியா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வேறு நோய் என்றால் 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிட்டது, மறுபடி எடுங்கள்' என்று ஆய்வுக்கூடத்தார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலேரியாவில் அப்படித் தள்ளிவிட வழியில்லை. சிவப்பணு உடைவதுதான் அங்கே நோயே. குழந்தையின் நோயெதிர்ப்பு எந்த அளவுக்குக் கிளர்ந்திருக்கிறது என்பதை இரத்தத்தில் உள்ள நொதிகளைக் கொண்டு அளக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்த இளஞ்சிவப்பில்தான் வந்து இடறுகின்றன. அளந்த நொதி வெள்ளையணு விட்டதா, உடைந்த சிவப்பணு கொட்டியதா, ஒட்டுண்ணியே கொண்டுவந்ததா?

இந்த அளவீடு எதற்காக என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் 26 கோடிக்கும் மேற்பட்ட மலேரியாத் தொற்றுகள் ஏற்பட்டன. சுமார் 5,97,000 பேர் இறந்தனர். இறப்புகளில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில். அங்கே இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஆனால் மலேரியா மிகுந்த ஊர்களில் ஒட்டுண்ணியை இரத்தத்தில் சுமந்துகொண்டு ஓடியாடி விளையாடும் குழந்தைகளே அதிகம். அவர்களில் சிலர்தான் இரண்டே நாளில் வலிப்பு கண்டு, நினைவிழந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறார்கள். அந்தச் சிலர் யார் என்பதை ஸ்லைடில் ஒட்டுண்ணிகளை எண்ணிச் சொல்லிவிட முடிவதில்லை. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி முதிர முதிர, அது குடியிருக்கும் சிவப்பணு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். விரல் நுனியைக் குத்தி எடுக்கும் சொட்டில் அது அகப்படாது. மேலும், நோயைக் கடுமையாக்குவதில் ஒட்டுண்ணிக்கு எவ்வளவு பங்குண்டோ, உடல் காட்டும் எதிர்ப்புக்கும் அதில் பங்குண்டு. ஆகவே அந்த எதிர்ப்பை நேரடியாக அளந்து பார்க்கும் ஆசை இயல்பானதுதான்.

நொதிகளைத் தேடிப் போனதற்குக் காரணம் கைக்கு எட்டும் வசதி. நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சைட்டோகைன்களை அளக்க விலையுயர்ந்த கிட் வேண்டும், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும். நொதி அப்படியல்ல. ஒரு நொதி மூலக்கூறு ஆயிரக்கணக்கான தடவை ஒரே வேலையைச் செய்வதால், மிகச் சிறிய அளவும் பெரிய நிறமாற்றமாக வெளிப்படும். நிறத்தை அளக்கும் எளிய கருவி ஒன்று இருந்தால் போதும்.

அடினோசின் டீஅமினேஸை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக ஏடிஏ. நம் ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத காசநோய் மருத்துவர் இருக்க மாட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டால் அதை ஊசியால் எடுத்து 'ஏடிஏ பார்த்துட்டு வாங்க' என்று சீட்டு எழுதுவார்கள். 40-ஐத் தாண்டினால் காசநோயைச் சந்தேகிப்பார்கள். சோதனையும் சிக்கலானதல்ல. சாம்பிளோடு அடினோசினைச் சேர்த்து 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். நொதி அடினோசினை இனோசினாக மாற்றும்போது அம்மோனியா வெளியேறும். ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால் அந்த அம்மோனியா நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நொதி. 1970-களில் ஜியூஸ்டி எழுதிவைத்த முறை இது.

ஏடிஏவுக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள உறவு வெறும் ஊகமல்ல. 1972-ல் எலோயிஸ் கிப்லெட், எதிர்ப்பாற்றல் முடங்கிப்போன இரண்டு குழந்தைகளின் இரத்தத்தில் இந்த நொதி அறவே இல்லை என்று கண்டார். 1990-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட மரபணுச் சிகிச்சை ஒரு சிறுமிக்கு அளிக்கப்பட்டதே, அதுவும் இந்த நொதிக் குறைபாட்டுக்குத்தான். அடினோசின் என்பது நோயெதிர்ப்பு அணுக்களை 'போதும், அடங்கு' என்று தட்டி உட்காரவைக்கும் பொருள். அதை ஏடிஏ அழித்துவிட்டால் அணுக்கள் அடங்காமல் இயங்கும். ஆகவே மலேரியா நோயாளிகளின் சீரத்தில் ஏடிஏ உயர்ந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னபோது, 'எதிர்ப்பாற்றல் கிளர்ந்திருக்கிறது' என்று படிப்பது எளிதாக இருந்தது.

எளிதுதான், சரியா என்பது வேறு. மனிதருக்கு ஏடிஏ இரண்டு வகை. முதல் வகை எல்லா அணுக்களிலும் இருக்கிறது, சிவப்பணுவில் தாராளமாகவே இருக்கிறது. இரண்டாம் வகையை மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் வெளியிடுகின்றன. நலமாக இருப்பவரின் சீரத்தில் தெரிவது பெரும்பாலும் இதுதான். போதாக்குறைக்கு ஒட்டுண்ணிக்குச் சொந்தமாகவும் ஒரு ஏடிஏ உண்டு. டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பியூரின்களைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாத உயிர் அது. குடியிருக்கும் வீட்டிலிருந்து எடுத்துத்தான் பிழைக்க வேண்டும், அதற்கு இந்த நொதி தேவை. இப்போது சர்பத் நிறச் சீரத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் வரும் நீலம் மூன்று இடத்து நொதியின் கூட்டுத்தொகை. அதில் நோயெதிர்ப்பின் பங்கைப் பிரித்துக் காண வழியிருக்கிறது. முதல் வகையை மட்டும் முடக்கும் ஈ.எச்.என்.ஏ. என்னும் பொருளைச் சேர்த்து மறுபடி அளந்தால், மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதிகச் செலவில்லாத வேலை. மொத்த ஏடிஏவை மட்டும் அளந்துவிட்டு 'நோயெதிர்ப்புக் குறிகாட்டி' என்று தலைப்பிடும் கட்டுரைகளை இந்தக் காரணத்தால் நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

ஒப்பிடும் குழுவிலும் இதே மெத்தனம் தெரியும். மலேரியாக் குழந்தையை நலமான குழந்தையோடு ஒப்பிட்டு, நொதி கூடியிருக்கிறது என்று முடிப்பார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பது அதன் தாய்க்கே தெரியுமே! டைஃபாய்டிலும் காசநோயிலும் ஏடிஏ ஏறத்தான் செய்யும். நிமோனியாக் குழந்தையையும் இரத்தத்தில் பாக்டீரியா பரவிய குழந்தையையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் நடந்த ஆய்வுகள் வேறு வழியில் போயின. நொதியின் அளவைப் பார்ப்பதோடு நிற்காமல், அது எதைத் தின்றது, எதைத் தயாரித்தது என்று பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, ஒட்டும் தன்மையைக் குறைக்கும் வாயு. அதைத் தயாரிப்பது நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் என்னும் நொதி, மூலப்பொருள் ஆர்ஜினின். நைட்ரிக் ஆக்சைடு மிகுந்துதான் மூளை மலேரியா வருகிறது என்று ஒரு கருத்து அப்போது வலுவாக இருந்தது. 1996-ல் நிக்கோலஸ் ஆன்ஸ்டியும் சகாக்களும் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறு. வெள்ளையணுக்களில் அந்த நொதி அதிகம் காணப்பட்டது, ஒட்டுண்ணி இருந்தும் நோய் இல்லாத குழந்தைகளிடம். மூளை மலேரியாவில் இறந்த குழந்தைகளிடம் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. கிளர்ச்சியின் அடையாளம் என்று நினைத்தது இங்கே காப்பின் அடையாளம் ஆகிவிட்டது.

மூலப்பொருள் என்ன ஆயிற்று? 2003-ல் அதே குழுவினர் ஆர்ஜினினை அளந்தார்கள். நலமான குழந்தைகளின் பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சராசரி 122 மைக்ரோமோல். சாதாரண மலேரியாவில் 70. மூளை மலேரியாவில் 46. ஆர்ஜினேஸ் என்னும் இன்னொரு நொதி அதைத் தின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அந்த ஆர்ஜினேஸ் எங்கிருந்து வந்தது? மறுபடி அதே கேள்வி, அதே பட்டியல்: நியூட்ரோஃபில்களிடம் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, ஒட்டுண்ணியிடம் இருக்கிறது, உடைந்த சிவப்பணுவிலும் இருக்கிறது. இதில் நாலு நாளாகச் சாப்பிடாத குழந்தையின் பட்டினியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பணு உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபின் தன் பங்குக்கு, இருக்கிற கொஞ்சநஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் உறிஞ்சிவிடுகிறது.

இருந்தாலும் 46 என்ற எண்ணுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. நொதி யாருடையதாக இருந்தாலும் ஆர்ஜினின் குறைந்தது குறைந்ததுதான். இரத்தக் குழாயைப் பாதிப்பது அந்தக் குறைவு. அணுவைவிட்டு வெளியே வராத நொதிகளுக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். இன்டர்ஃபெரான்-காமா தூண்டும்போது அணுக்களுக்குள் விழித்துக்கொள்ளும் ஐடிஓ என்னும் நொதியை இரத்தத்தில் தேடிப் பயனில்லை. அது டிரிப்டோஃபேனைக் கைனுரெனினாக மாற்றும்; இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் நொதி எவ்வளவு உழைத்திருக்கிறது என்று தெரியும். இதே பாதையில் சற்றுத் தள்ளி உருவாகும் குயினோலினிக் அமிலம் நரம்பணுக்களை அளவுக்கு மீறித் தூண்டக்கூடியது. மலாவிக் குழந்தைகளின் மூளைத் தண்டுவட நீரில் அதை அளந்த இசபெல் மெடானாவின் குழு, நோயின் முடிவு மோசமாக ஆக ஆக அளவும் படிப்படியாக ஏறியதை 2003-ல் காட்டியது. சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்தப் பொருள்கள் தேங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி இரண்டு பச்சைகள். சீழில் ஒரு பச்சைச் சாயல் தெரியும், கவனித்திருப்பீர்கள். அது மயலோபெராக்ஸிடேஸின் நிறம். நியூட்ரோஃபில்கள் நுண்மணிகளில் அடைத்துவைத்திருக்கும் இந்த நொதி, உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு பிளீச்சிங் பவுடரின் வீரியத்துக்கு இணையான அமிலத்தை உண்டாக்கிக் கிருமியைக் கொல்லும். 1941-ல் இதைப் பிரித்தெடுத்த ஸ்வீடன் விஞ்ஞானி ஷெல் ஆக்னர், நிறத்தை வைத்தே 'வெர்டோபெராக்ஸிடேஸ்' என்று பெயரிட்டார். மலேரியா சிவப்பணுக்களின் நோய் என்றே எண்ணியிருந்ததால் நியூட்ரோஃபில்களை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. மலாவிக் குழந்தைகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஒரு கட்டுரை, உண்மையான மூளை மலேரியாவில் நியூட்ரோஃபில்களின் நுண்மணிச் சரக்கு இரத்தத்தில் கூடியிருப்பதைக் காட்டியது. ஆனால் இதை அளப்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இரத்தம் குழாயில் உறையும்போதே நியூட்ரோஃபில்கள் இந்த நொதியைக் கசியவிடும். வெயிலில் வேனில் இரண்டு மணி நேரம் பயணம் செய்த சீரத்தில் தெரிவது குழந்தையின் கிளர்ச்சியா, குழாயின் கிளர்ச்சியா என்பது கேள்வி. உறையாமல் பிடித்து உடனே பிரித்த பிளாஸ்மாதான் இதற்கு ஏற்றது.

இரண்டாவது பச்சை, கன்றிப்போன காயத்தினுடையது. அடிபட்ட இடம் முதலில் கருநீலமாகி, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி மறையும். தேங்கிய இரத்தத்தின் ஹீமை உடைத்துப் பச்சை நிறமியாக்குவது ஹீம் ஆக்ஸிஜனேஸ். ஹீம் கட்டற்றுத் திரிந்தால் திசுக்களுக்கு நஞ்சு. அதை அப்புறப்படுத்தும் இந்த நொதி நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? எலிகளில் நல்லதாகவே இருந்தது. மூளை மலேரியாவைத் தடுத்தது. காம்பியாவின் குழந்தைகளிடமோ கதை வேறு. கடும் மலேரியா கண்டவர்களிடம் இந்த நொதி உயர்ந்திருந்தது. அதை அதிகம் சுரக்கவைக்கும் மரபணு வடிவமும் அவர்களிடமே மிகுந்து காணப்பட்டது. ஆப்ரி கன்னிங்டனின் குழு இன்னொன்றையும் கண்டது. இந்த நொதி ஏறும்போது எலும்பு மஜ்ஜை முதிராத நியூட்ரோஃபில்களை வெளியே அனுப்பிவிடுகிறது. அவை கிருமியை விழுங்கும். ஆனால் கொல்லும் அளவுக்கு ஆக்ஸிஜன் வெடிப்பை உண்டாக்க அவற்றால் முடியாது. காய்ச்சல் தணிந்து, ஒட்டுண்ணி ஒழிந்த பிறகும் இந்தப் பலவீனம் எட்டு வாரம் வரை நீடித்தது.

மலேரியா வந்துபோன குழந்தைகளைச் சால்மோனெல்லா இரத்தத் தொற்று ஏன் குறிவைக்கிறது என்ற பழைய புதிருக்கு இது விடை. காம்பியாவில் மலேரியா குறைந்த ஆண்டுகளில் அந்தத் தொற்றும் கூடவே குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. ஒரு நொதி ஏறியிருக்கிறது என்ற செய்தியோடு நிற்காமல், ஏறியதால் எந்த அணு எப்படிப் பழுதானது, அந்தப் பழுதால் குழந்தைக்கு என்ன வந்தது என்பதுவரை தொடர்ந்து போயிருக்கிறார்கள்.

சற்று முன் 'உண்மையான மூளை மலேரியா' என்று எழுதினேன். போலியும் உண்டா? உண்டு. மலாவியின் பிளான்டயர் நகரில் டெர்ரி டெய்லரும் சகாக்களும், மூளை மலேரியா என்று மருத்துவர்கள் தீர்மானித்து, சிகிச்சை பலனின்றி இறந்த 31 குழந்தைகளை உடற்கூறாய்வு செய்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு குழந்தைகள் இறந்தது வேறு காரணங்களால். ஒட்டுண்ணி இரத்தத்தில் இருந்தது உண்மை. கொன்றது அது அல்ல. உயிரோடிருக்கும்போதே இரு சாராரையும் பிரித்துக் காட்டிய ஒரே அறிகுறி விழித்திரையில் இருந்தது: வெளிறிய திட்டுகள், நிறம் மாறிய நாளங்கள், புள்ளி இரத்தக்கசிவு. கண்ணுக்குள் பார்க்காமல் 'மூளை மலேரியாக் குழந்தைகள்' என்று சேர்த்துவைத்த பழைய சாம்பிள்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று தவறான பெட்டியில் இருந்திருக்கலாம் என்றல்லவா ஆகிறது? அந்தச் சாம்பிள்களில் அளந்த நொதி எதைக் குறித்தது என்று யார் சொல்வது?

காலமும் ஒரு சிக்கல். ஃபால்சிபாரத்தின் சுற்று ஏறத்தாழ 48 மணி நேரம். சிவப்பணுக்கள் வெடிக்கும் வேளையில் எல்லாக் குறிகாட்டிகளும் தாவி ஏறும். இலங்கையில் விவாக்ஸ் மலேரியா நோயாளிகளிடம் நதிரா கருணாவீர, கமினி மெண்டிஸ் ஆகியோர் நடத்தி 1992-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பதிந்திருக்கிறது: குளிர்க்காய்ச்சல் வரும்போது டி.என்.எஃப். என்னும் பொருள் முன்னே ஏற, உடல் வெப்பம் அதன் பின்னாலேயே ஏறி, அதன் பின்னாலேயே இறங்கியது. ஒரே குழந்தையிடம் காலையில் எடுத்த சாம்பிளும் மறுநாள் எடுத்த சாம்பிளும் இரண்டு வேறு கதை சொல்லலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்த இரத்தமே சுமார் 800 மி.லி. அதிலும் சோகை பிடித்த குழந்தையிடம் மணிக்கு மணி ஊசி போட எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

இந்த டி.என்.எஃப். நொதியல்ல, சைட்டோகைன். ஆனாலும் குறிகாட்டிகளை நம்பி மருந்து தேடுகிறவர்கள் அதன் கதையை மறக்கக் கூடாது. மலாவியிலும் காம்பியாவிலும் மூளை மலேரியாவில் இறந்த குழந்தைகளிடம் டி.என்.எஃப். மிக உயர்ந்திருந்ததை 1989, 1990-ல் வந்த ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அதை முடக்கினால் பிழைப்பார்களா? அதை முடக்கும் எதிர்ப்பொருளைக் காம்பியாவில் 610 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது. எதிர்ப்பொருள் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இறந்தார்கள். பிழைத்தவர்களில், எதிர்ப்பொருள் பெற்றவர்களிடமே நரம்புக் கோளாறுகள் அதிகம் தங்கின. ஆர்ஜினின் குறைவைப் பார்த்து, நைட்ரிக் ஆக்சைடை மூச்சோடு கொடுத்துப் பார்த்த உகாண்டாவின் இரண்டு சோதனைகளும் 2015-ல் கைவிரித்தன.

கடும் மலேரியாவில் குழந்தைகளின் இறப்பைக் குறைத்தது ஒட்டுண்ணியை வேகமாகக் கொல்லும் மருந்துதான். ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், குயினைன் பெற்றவர்களில் 10.9 விழுக்காட்டினரும், ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 8.5 விழுக்காட்டினரும் இறந்தார்கள். இன்றும் அந்த ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க எந்த மருத்துவரும் நொதியின் அளவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த 8.5-ஐ மேலும் குறைக்க நொதிகள் உதவலாம். யாரை வார்டில் கூடுதல் நாள் வைத்துக்கொள்வது, வீட்டுக்கு அனுப்பிய யாரை மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பது என்பதற்கும் உதவலாம். அதற்கு முன், மலேரியாவில் ஒரு நொதி உயர்ந்திருந்தது என்று எங்காவது படித்தால், அந்தச் சீரம் என்ன நிறத்தில் இருந்தது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறதா எனத் தேடிப் பாருங்கள்.